வைக்கிங் காலத்து உடுப்பு தைக்கிறேன், எம்ப்ராய்டரி எங்க, எவ்வளவு போடலாம்?

கம்பளிப்பூச்சி:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா சும்மா வாசிச்சிட்டு போற ஆள் நான், இப்பதான் முதல் தடவையா எழுதுறேன், கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

பழைய காலத்து வாழ்க்கையை அப்படியே செஞ்சு காட்டுற ரீஎனாக்ட்மென்ட் குழு ஒண்ணுல சேர்ந்திருக்கேன். எங்க குழு எடுத்துக்கிட்டது 10ஆம் நூற்றாண்டு ஸ்காண்டிநேவியா, அதாவது வைக்கிங் காலம். குழு அடுத்து கூடாரம் போட்டுத் தங்குற முகாமுக்கு முன்னாடி எனக்குன்னு ஒரு முழு செட் உடுப்பு தைக்கணும். உள்ள போடுற லினன் அங்கி, அதுக்கு மேல தோள்பட்டையில வார் வச்ச கம்பளி உடுப்பு, மார்புல ரெண்டு பக்கமும் அந்த ஆமை ஓடு மாதிரி இருக்கிற பெரிய ப்ரூச் (உடுப்புல ஊசியால குத்துற பதக்கம்), இதெல்லாம் தெரிஞ்சதுதான். எம்ப்ராய்டரி எனக்கு சின்ன வயசுலேர்ந்தே கை வந்த வேலை, தையல்தான் சுமார். அதனால கழுத்து, கை ஓரம், கீழ் ஓரம், மார்பு நடுவுல எல்லாம் டிராகன் பின்னல் மாதிரி அடர்த்தியா போடலாம்னு வரைஞ்சு வச்சிருந்தேன்.

எங்க குழுவுல உடுப்பைப் பாக்குற அக்கா அந்தப் படத்தைப் பாத்துட்டு "அழகா இருக்கு, ஆனா இதுக்கு ஆதாரம் எங்க?"ன்னு கேட்டுட்டாங்க. நெட்டுல தேடினா ஆயிரம் போட்டோ வருது, எல்லாத்துலயும் உடம்பு பூரா எம்ப்ராய்டரி, ஆனா அது எல்லாமே இப்ப உள்ளவங்க தைச்சுப் போட்டது. அசல்ல என்ன கிடைச்சிருக்குன்னு யாராவது சொல்லுங்களேன்.

கூடவே இன்னொண்ணு, மெஷின்ல தைச்சா மானம் போயிருமா? முழுக்க கையால தைச்சா நான் கூடாரத்துக்குப் போய் சேர மாட்டேன்.

பழையபெட்டி:

வாங்க கம்பளிப்பூச்சி, பேரே பொருத்தமா வச்சிருக்கீங்க.

உங்க அக்கா கேட்டது சரியான கேள்வி, ஆனா அதுக்குப் பதில் "எம்ப்ராய்டரியே கிடையாது" இல்ல. இருந்துச்சு, ஆனா கிடைச்சது ரொம்பக் கொஞ்சம், அது ஏன்னு தெரிஞ்சா பாதிக் குழப்பம் தீர்ந்துரும்.

ஆயிரம் வருஷம் மண்ணுக்குள்ள துணி தாக்குப்பிடிக்காது. லினன் முதல்ல போயிரும், அமில மண்ணா இருந்தா சுத்தமா காணாமப் போகும், கம்பளி கொஞ்சம் தாங்கும். சில உடுப்புல லினன் நூல்ல தைச்ச தையல் மக்கிப்போய் ஊசி போன ஓட்டை மட்டும் மிஞ்சியிருக்கும். சுவீடன்ல மேலாரன் ஏரித் தீவுல இருக்கிற பிர்கா ஊரை எடுத்துக்கோங்க, 1870-கள்ல தொடங்கி யால்மர் ஸ்டோல்பே அங்க ஆயிரத்துக்கும் மேல கல்லறை தோண்டினாரு. அதுல பெண்கள் உடுப்பைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதுல பெரும்பங்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? அந்த ஆமை ஓடு ப்ரூச்சோட உள் குழிவுலேர்ந்து. வெண்கலம் துருப்பிடிச்சு அதுலேர்ந்து இறங்கின செம்பு உப்பு கிருமிகளை அண்ட விடல, அதனால ப்ரூச்சை ஒட்டி இருந்த துணி மட்டும் ஒரு நகத்தளவு, ரெண்டு நகத்தளவு பிழைச்சு நின்னுச்சு. ஊசியில மாட்டியிருந்த லினன் வார் வளையம், அதுக்கு அடியில கம்பளி, அதுக்கும் அடியில உள் அங்கியோட சின்ன சின்ன கொசுவம், எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கும். ப்ரூச்சுக்கு அரை அடி கீழ என்ன இருந்துச்சுன்னு கேட்டா பதில் சொல்ல ஆள் இல்ல. முழங்கால் பக்கம் டிராகன் போட்டிருந்தாங்களா இல்லையான்னு பிர்கா சொல்லாது.

ஆனா அலங்காரம் எப்படி பண்ணாங்கங்கிறதுக்கு வேற வேற இடத்துல தடயம் இருக்கு. நார்வேல ஓசெபர்க்ங்கிற இடத்துல கப்பலோட புதைச்ச கல்லறை, மரத்தோட வளையத்தை வச்சு 834-ன்னு நாள் குறிச்சிருக்காங்க. அதுல வெளிநாட்டுலேர்ந்து வந்த பட்டுத் துணியை ஒல்லி ஒல்லியா நாடா மாதிரி வெட்டி உடுப்புல வச்சு தைச்சிருக்காங்க. பட்டு அவ்வளவு அரிது, முழு சட்டையா தைக்க கட்டுப்படி ஆகாது, அதனால விரல் அகலத் துண்டு ஓரத்துல வச்சாலே போதும், ஊர் பூரா பாக்கும். பிர்காவிலயும் பட்டு நாடா இருக்கு, அட்டை வச்சு நெய்யுற ஒல்லி பார்டர்ல வெள்ளிக் கம்பி ஓட்டினதும் இருக்கு. எல்லாமே ஒல்லி. இப்ப பார்டர்னு நாம வாங்குற அந்த நாலு விரல் அகல சமாச்சாரம் அங்க பொருந்தாது.

அப்புறம் ஹெடிபி, இப்ப ஜெர்மனிக்கு வடக்குக் கோடியில இருக்கிற பழைய துறைமுகம். அங்க தண்ணிக்கு அடியில கிடைச்ச துணி பாதி கிழிஞ்ச உடுப்பு, தார் பூசுற கந்தலா கப்பல் வேலைக்கு உபயோகப்படுத்தினது. தார் புண்ணியத்துல மிஞ்சிருச்சு. அதுல உடம்போட ஒட்டுற மாதிரி டார்ட் (துணியைக் கிள்ளி மடிச்சுத் தைக்கிற மடிப்பு) புடிச்ச ஒரு துண்டு இருக்கு, அந்த டார்ட் தையல் மேலயே பின்னின கயிறு ஒண்ணை வச்சு தைச்சிருக்காங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச அலங்காரம் அதுதான், தையலை மறைச்ச மாதிரியும் ஆச்சு, உடம்பு வளைவைக் காட்டின மாதிரியும் ஆச்சு.

சரி, நிஜமான எம்ப்ராய்டரி? டென்மார்க்ல மாமென் கல்லறை. 1868-ல கண்டெடுத்தது, அதோட மர அறைக்கு மரம் வெட்டினது 970-971 குளிர்காலம்னு கணக்கு பண்ணியிருக்காங்க. கம்பளித் துணி மேல கம்பளி நூல்ல ஸ்டெம் ஸ்டிட்ச் (கயிறு முறுக்கு மாதிரி தெரியுற கோட்டுத் தையல்): சிறுத்தை மாதிரி மிருகம், மனுஷ முகம், கை, இலைக்கொடி. பாத்தா அசந்துருவீங்க. ஆனா அது ஆம்பளையோட கல்லறை, அதுவும் பெரும் பணக்காரன், ராஜா வீட்டுக்கு ரொம்ப நெருக்கமானவன்னு நினைக்கிறாங்க. அவன் உடுப்புல இருந்ததை ஒரு சாதாரண பண்ணைப் பொண்ணு உடுப்புல ஏத்தினா உங்க அக்கா கேக்கத்தான் செய்வாங்க.

என் கருத்து இதுதான்: முதல்ல நீங்க யாரு, எந்த ஊரு, எவ்வளவு வசதின்னு முடிவு பண்ணுங்க, அலங்காரம் அதுலேர்ந்து தானா வரும். பண்ணைக்காரின்னா தையல் மேல ஒரு பின்னல் கயிறு போதும். வியாபாரி வீட்டு அம்மான்னா மேல் ஓரத்துல ஒல்லியா பட்டு. மாமென் மாதிரி போடணும்னு கை அரிச்சா குழுவுல யாராவது பெரிய தலைவன் வேஷம் கட்டுறவர் இருப்பாரு, அவர் மேலாடைக்குப் போட்டுக் குடுங்க, காலம் பூரா உங்களுக்குக் கடன்பட்டவரா இருப்பாரு.

மெஷின்மாமா:

பழையபெட்டி அண்ணன் வழக்கம்போல மியூசியத்தையே இறக்கி வச்சிட்டாரு 😄 நான் ரெண்டாவது கேள்விக்கு வரேன்.

மெஷின்ல தைங்க தாயி. எலியாஸ் ஹோவ்ங்கிற அமெரிக்கர் தையல் மெஷினுக்கு காப்புரிமை வாங்கினதே 1846-ல, அதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட எல்லாமே கைத்தையல்தான், அது யாருக்கும் தெரியாத விஷயம் இல்ல. ஆனா வெளிய தெரியாத நீளத் தையல், அதாவது பக்கவாட்டு, கை மூட்டு, கீழ வைக்கிற முக்கோணத் துண்டு, இதெல்லாம் மெஷின்ல ஓட்டிட்டு கண்ணுக்குத் தெரியுற இடம் மட்டும், கழுத்து, கை ஓரம், கீழ் மடிப்பு, கையால முடிச்சா பத்தடி தூரத்துலேர்ந்து எவனும் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்கிற அளவுக்கு ஒருத்தர் உங்க பாவாடையைத் தூக்கிப் பாத்தா தப்பு தையல்ல இல்ல, அவர்கிட்ட.

துணிதான் நான் விட்டுக்கொடுக்காத இடம். வெட்டு சுமாரா இருந்தாலும் நல்ல கம்பளி அழகா விழும், பாலியஸ்டர் கலந்ததுல ராணி மாதிரி எம்ப்ராய்டரி போட்டாலும் அது பாலியஸ்டர்தான். இது அழகு பத்தின பேச்சு மட்டும் இல்ல. கூடாரம்னா விறகு அடுப்பு இருக்கும், தீப்பொறி பறக்கும். கம்பளி லேசுல பத்தாது, பத்தினாலும் தானா அணையும். செயற்கை நூல் உருகி தோல்ல ஒட்டிக்கும். வாங்குறதுக்கு முன்னாடி நாலு நூலை உருவி ஒரு இடுக்கியில புடிச்சு கொளுத்திப் பாருங்க. கம்பளின்னா முடி கருகுற நாத்தம், சாம்பலை நசுக்கினா பொடியாகும். லினன்னா காகிதம் எரியுற வாசனை. உருகி கடைசியில கெட்டியா மணி மாதிரி நின்னா வச்சுட்டு வந்துருங்க, "சுத்தக் கம்பளி"ன்னு சீட்டு ஒட்டியிருந்தாலும் சரி.

உள் அங்கிக்கு சதுர மீட்டருக்கு 150 கிராம் சுத்துல உள்ள லினன் போதும், மேல் உடுப்புக்கு 250-லேர்ந்து 350 கிராம் கம்பளி, நெசவுல சாய்கோடு தெரியுற ட்வில்லா பாத்து எடுங்க. 150 செ.மீ. பன்னான்னா ஒரு ஆளுக்கு மூணு மீட்டர் தாராளமா வரும்.

பழையபெட்டி:

மாமா, துணி பத்தி சொன்னதுக்கு கை தூக்குறேன். மெஷின் பத்தி ஒரு சின்ன மறுப்பு. அந்தக் காலத்து வெட்டுங்கிறது செவ்வகம், முக்கோணம், அக்குள்ல ஒரு சதுரத் துண்டு, அவ்வளவுதான். துணி வீணாகாம வெட்டுறதுக்கு அப்படி. அந்த அக்குள் சதுரமும், நடுவுல கீறி வைக்கிற முக்கோணத்தோட உச்சியும் மெஷின்ல சுருக்கம் விழாம தைக்கிறது கஷ்டம், கையால பண்ணினா துணியை நெளிச்சு நெளிச்சு உக்கார வச்சிரலாம். அந்த ரெண்டு இடத்தை மட்டும் கையால தைச்சா நேரமும் கம்மி, உடுப்பும் நல்லா உக்காரும். நீளத் தையலுக்கு நான் சண்டைக்கு வரல.

கம்பளிப்பூச்சி:

அய்யோ இவ்வளவு பதிலா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி! ப்ரூச்சுக்கு அடியில துணி பிழைச்ச கதை இப்பதான் கேள்விப்படுறேன், இனிமே அந்த ப்ரூச்சை வேற கண்ணோட பாப்பேன்.

சரி, முடிவு பண்ணிட்டேன், நான் வியாபாரி வீட்டுப் பொண்ணு (பண்ணை வேலை எல்லாம் என் உடம்புக்கு ஆகாது). மேல் ஓரத்துல பட்டு நாடா, டார்ட் மேல பின்னல் கயிறு. ஆனா எம்ப்ராய்டரியே போடாம இருக்க மனசு கேக்கல, அதனால குழுத் தலைவர் மேலாடைக்கு மாமென் சிறுத்தை போட்டுக் குடுக்கிறேன்னு சொல்லிட்டேன், மனுஷன் இப்பவே எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியுறாரு. என்கிட்ட இருக்கிறது எல்லாம் ஆறு இழை காட்டன் எம்ப்ராய்டரி நூல். அது ஓடுமா? கறுப்பா இருக்கிற கம்பளியில டிசைனை எப்படி ஏத்துறது? பென்சில் தெரியல, சாக்பீஸ் கை பட்டதும் போயிருது.

நூல்கண்டு:

இந்தக் கேள்விக்காகவே லாகின் பண்ணேன்.

காட்டன் நூல் வேண்டாம்மா. பருத்தி அங்க அப்ப புழக்கத்துலயே இல்ல, அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கம்பளி மேல காட்டன் நூல் பளபளன்னு தட்டையா தனியா மிதக்கும். கம்பளி நூல்ல போட்டுப் பாருங்க, லேசா உப்பி, பக்கத்து இழையோட சேர்ந்து துணிக்குள்ளயே பதிஞ்சுக்கும். ரெண்டு புரி முறுக்கின மெல்லிசு கம்பளி நூல் வாங்குங்க, பின்னல் போடுற தடி நூல் வேண்டாம், அது இழுக்க இழுக்க பிரிஞ்சு பஞ்சாயிரும். ஒரு தடவைக்கு முழங்கை நீளத்துக்கு மேல நூல் வெட்டாதீங்க, துணிக்குள்ள போய்ப் போய் வரதுல கம்பளி தேயும், கடைசிப் பாதி இளைச்சுப் போய் கோடே ஒல்லியா தெரியும். ஊசி கொஞ்சம் பெருசா இருக்கட்டும், ஊசி போட்ட ஓட்டை நூலுக்கு வழி விடணும்.

டிசைன் ஏத்துறதுக்கு: மெல்லிசு டிஷ்யூ பேப்பர்ல வரைஞ்சு துணி மேல வச்சு ஓரம் பூரா நூலோட்டி நிறுத்துங்க. அப்புறம் வெளிர் நிறத்துல சாதா தையல் நூலை வச்சு கோடு மேலயே சின்ன சின்ன ரன்னிங் ஸ்டிட்ச், பேப்பரோட சேர்த்து. முடிச்சதும் பேப்பரை ஊசி முனையால கோட்டோரமா கீறி மெதுவா கிழிச்சு எடுத்துட்டா டிசைன் நூலாவே துணியில நிக்கும், கை பட்டாலும் போகாது. மேல ஸ்டெம் ஸ்டிட்ச் போட்டு முடிச்சப்புறம் அந்த நூலை உருவிரலாம், உருவ வராத இடத்துல விட்டுருங்க, அடியில மறைஞ்சிரும்.

ஸ்டெம் ஸ்டிட்ச் உங்களுக்குத் தெரிஞ்சதுதான், ஆனா மிருக உருவத்துக்கு ரெண்டு விஷயம். நூல் எப்பவும் ஊசிக்கு ஒரே பக்கமா இருக்கணும், நடுவுல பக்கம் மாறினா முறுக்கு உடைஞ்சு கயிறு மாதிரி தெரிய வேண்டியது கோணலா தெரியும். சிறுத்தையோட வால் சுருள்ற இடத்துல தையல் நீளத்தை பாதியாக்கிருங்க, நேர் கோட்டுல போட்ட அளவே போட்டா வளைவு முனை முனையா உடையும். உள்ள நிரப்பணும்னாலும் அதே ஸ்டெம் ஸ்டிட்ச்சை வரிசை வரிசையா பக்கத்துல பக்கத்துல உருவத்தோட ஓட்டத்துக்கே ஓட்டுங்க, தொடைத் தசை தசையா தெரியும்.

பேயோ டாபெஸ்ட்ரி (1066-ல நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிச்ச கதையை எம்ப்ராய்டரியில சொல்ற நீளத் துணி) மாதிரி நிரப்பலாமேன்னு சில பேர் சொல்வாங்க. அதுல நூலை நீளமா படுக்க வச்சு குறுக்க இன்னொரு நூலால கட்டுவாங்க, சீக்கிரம் நிறையும். ஆனா அது 1066-க்கு அப்புறம் லினன் மேல போட்டது, 70 மீட்டர் நீளத்துக்கு சுவர்ல தொங்க விட்டுப் பாக்குறதுக்கு. உடுத்துற துணியில அந்தப் படுத்த நூல் எங்கயாவது மாட்டி இழுபடும். (1885-86-ல இங்கிலாந்து லீக் ஊர்ப் பெண்கள் அதை முழுசா நகல் எடுத்தாங்க, இப்ப ரெடிங் மியூசியத்துல இருக்கு. அசல்ல ஓரத்துல அம்மணமா நிக்கிற ஆளுக்கு நகல்ல டவுசர் மாட்டி விட்டிருக்கு. அவங்க பாத்துப் போட்ட படத்துலயே யாரோ கௌரவமா திருத்தியிருந்தாங்களாம். ஆதாரம் ஆதாரம்னு பேசுற நமக்கு இது ஒரு பாடம், அசலைப் பாருங்க, படத்தை நம்பாதீங்க.)

நிறம்: மண் நிறம், காவி, பழுப்பு மட்டும்தான் அசல்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. வோட் செடியில இருக்கிறது நம்ம அவுரியில இருக்கிற அதே நீலச் சாயம், மேடர் நம்ம மஞ்சிட்டிக்கு சொந்தக்காரச் செடி, நல்ல செங்கல் சிவப்பு தரும். இங்கிலாந்துல யார்க் நகரத்துல காப்பர்கேட்ங்கிற இடத்தைத் தோண்டினப்ப அந்தக் காலத்து சாயச் செடி மிச்சமே கிடைச்சிருக்கு, சாயம் பிடிக்கிறதுக்கு நாம படிகாரம் போடுற மாதிரி அவங்க அலுமினியம் சேர்ற கிளப்மாஸ்ங்கிற ஒரு வகைச் செடியைப் போட்டிருக்காங்க, அதுவும் கிடைச்சிருக்கு. அதனால சிவப்பு, நீலம், மஞ்சள், அந்த மூணோட கலவை தைரியமா எடுங்க. கண்ணைப் பறிக்கிற ரோஸும் ஊதாவும் மட்டும் வேண்டாம், அந்த மாதிரி செயற்கைச் சாயம் தொடங்கினதே 1856-ல.

துணியை எம்ப்ராய்டரி வளையத்துல மாட்டிப் போடும்போது வேலை முடிஞ்ச ராத்திரி கழட்டி வச்சிருங்க, கம்பளியில வளையத் தடம் அழுத்தமா விழும். ஆவி காட்டினா போகும், ஆனா எம்ப்ராய்டரி மேல வளையம் ஏறிச்சுன்னா அமுங்கின நூல் பழைய மாதிரி எழாது.

மெஷின்மாமா:

இவ்வளவும் சரி. ஆனா தாயி, உங்களுக்கு தையல் சுமார்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. எடுத்ததும் அந்த வார் உடுப்புல கை வைக்காதீங்க. முதல்ல ஒரு தலைமூடி தைங்க. நார்வேல ஷோல்டஹாம்ன்ல 1936-ல சதுப்பு நிலத்துல ஒரு முழு உடுப்பு கிடைச்சுது, 11ஆம் நூற்றாண்டு வாக்குல. அதுல உள்ள தலைமூடிதான் எங்க குழுவுல புதுசா வரவங்க எல்லாருக்கும் முதல் பாடம். ஒரு நீளத் துண்டை மடிச்சு, முன்னாடி ஒரு சதுரம், பின்னாடி ஒரு சதுரம் தோள் மேல விழுற மாதிரி. மூலையைத் திருப்பித் தைக்கிறது, கம்பளியில ஓரம் மடிக்கிறது, எல்லாம் அதுலயே பழகிரும். ராத்திரிக் குளிருக்கும் ஆச்சு. உங்க காலத்துக்கு கொஞ்சம் பின்னாடிதான், ஆனா இதுக்கு எந்த அக்காவும் சண்டைக்கு வர மாட்டாங்க.

கம்பளிப்பூச்சி:

மாமா, இன்னைக்கே தலைமூடிக்கு துணி எடுத்து வச்சாச்சு, நாலு நூல் கொளுத்தியும் பாத்தாச்சு, வீடு பூரா முடி கருகுற நாத்தம், எல்லாரும் திட்டுறாங்க, அப்ப நல்ல கம்பளின்னு அர்த்தம்தானே 😂 உள் அங்கிக்கு லினனும் வாங்கிட்டேன், நாளைக்கு வெட்டப் போறேன்.

நூல்கண்டு:

நிறுத்துங்க நிறுத்துங்க! லினனை வெட்டுறதுக்கு முன்னாடி வெந்நீர்ல துவைச்சு காய வச்சு, ஈரம் லேசா இருக்கும்போதே இஸ்திரி போட்டுருங்க. முடிஞ்சா ரெண்டு தடவை. புது லினன் நீளவாக்குல நல்லாவே சுருங்கும், தைச்சப்புறம் சுருங்கினா கை முழங்கைக்கு ஏறிரும். கம்பளிக்கு வெந்நீர் வேண்டாம், ஒரு சின்னத் துண்டை அளந்து நனைச்சுப் பாத்துட்டு அப்புறம் மொத்தத் துணியை முடிவு பண்ணுங்க.

கம்பளிப்பூச்சி:

கத்திரிக்கோலைக் கீழ வச்சுட்டேன். வாளியில ஊறுது.